செல்லாத்தாள் நடக்க ராக்கையா போட்ட சண்டைகள்

மூன்றாவது வீதியில் ராக்கையாவிடம் அடி வாங்காதவர்கள் இரண்டே வகை. போன மாதம் குடி வந்தவர்கள் ஒரு வகை. அவன் மனைவி செல்லாத்தாள் இன்னொரு வகை. ஆளுக்கு வயது அறுபத்தாறு ஆகிறது, ஆனாலும் ‘அவன்’ என்றுதான் சொல்ல வருகிறது. ‘அவர்’ என்று மரியாதை கொடுத்துப் பாருங்கள், “யாருடா அவரு? நக்கலா?” என்று சட்டையைப் பிடித்துவிடுவான். அடி உதவுவதுபோல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இவன் அதை நம்பிக் குடும்பமே நடத்தினான்.

கமுதிப் பக்கத்துக்காரன். இளவட்டமாக இருந்தபோது திருப்பூருக்கு வந்து ஒரு சாயப்பட்டறையில் லோடுமேனாகச் சேர்ந்தான். சாயத்தில் முக்கி எடுத்த ஈரத்துணியின் கனம் தூக்கியவனுக்குத்தான் தெரியும். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய மூட்டையை அவன் ஒருவனே தோளில் ஏற்றிக்கொண்டு வண்டிக்குப் போவான். வழியில் எவனாவது குறுக்கே நின்றால் மூட்டையை இறக்கமாட்டான், காலாலேயே உதைத்துத் தள்ளிவிட்டுப் போவான். பட்டறையில் எல்லோரும் அவனுக்கு வழிவிட்டார்கள். உலகமே அப்படித்தான் என்று அவன் நினைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

செல்லாத்தாள் சேவூர்க்காரி. தோட்டம் துரவோடு இருந்த வீட்டுப் பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்த இடத்தில் இவனைப் பிடித்துப்போய், வீட்டுக்குச் சொல்லாமல் தாலி கட்டிக்கொண்டாள். மறுவாரமே அவளுடைய அண்ணன்கள் வேன் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கொங்கு நாட்டு மரியாதை இருக்கிறதே, அது அடிதடியிலும் குறையாது. “ஏனுங்க, நீங்கதான் ராக்கையாங்களா?” என்று கேட்டார்கள். “ஆமா” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மண்வெட்டிக் காம்பால் முகத்தில் ஒரே போடு. மூக்குத்தண்டு உடைந்து ரத்தம் நெஞ்சில் ஒழுகியது. விழுந்த இடத்திலிருந்தே எழும்பி மூத்த அண்ணனின் காதைக் கவ்வியவன், ஒரு துண்டு வாயில் வந்த பிறகுதான் விட்டான்.

செல்லாத்தாள் கதவுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வேன் போனதும் வந்து, முந்தானையைக் கிழித்து அவன் மூக்கைக் கட்டிவிட்டு, “ஆசுபத்திரிக்குப் போலாங்களா?” என்றாள். அதற்குப் பிறகு அவள் சேவூர் மண்ணை மிதிக்கவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள், அவ்வளவுதான். அவள் மேல் அவன் ஒரு நாளும் கை வைத்ததில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை என்று சொன்னால் அந்த வீதியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள், ஆனால் அது நிஜம்.

இப்போது அந்த வீதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு சோளக்காட்டைப் பிரித்து வீட்டுமனை போட்ட இடம் அது. மனைக்கு எத்தனை இடம் வருமோ அத்தனையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீதி என்று விட்டார்கள். முதல் கோணல் முற்றும் கோணல். ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுசைப் போட்டார்கள். வீதி உயர உயர வீடுகள் பள்ளத்தில் இறங்கின. மழை பெய்தால் சாக்கடை நடுவீட்டுக்குள் வந்தது. கையில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் இடித்துவிட்டு மூன்றடி உயர்த்திக் கட்டினார்கள். உயர்த்திக் கட்டினால் பைக் ஏற வேண்டாமா? கேட்டுக்கு முன்னால் சாக்கடையைத் தாண்டி ஒரு சிமெண்டுச் சறுக்கு. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கதைதான், ஒருத்தர் ஒரு முழம் நீட்டினால் எதிர்வீட்டுக்காரர் ஒன்றரை முழம் நீட்டினார். கடைசியில் இரண்டு ஓரமும் சறுக்காகவே ஆகிவிட்டது. ஓரமாக நடந்தால் ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். நடுவே நடந்தால் துணி ஏற்றிய வேன் முதுகில் வந்து ஹாரன் அடிக்கும்.

இளசுகளுக்கு இது ஒன்றும் தெரியாது, பைக்கில் பறந்துவிடும். வயதானவர்கள்தான் ஒவ்வொருவராக வீதியிலிருந்து காணாமல் போனார்கள். யாரும் செத்துவிடவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். நாலாவது வீட்டு மயிலாத்தாள் மார்க்கெட்டுக்குக் கூடை தூக்கிக்கொண்டு நடந்து போய் வந்தவள். ஒரு தடவை கணுக்கால் பிசகி விழுந்த பிறகு கம்பிக் கேட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள்தான். இப்போது எழுப்பிவிட மருமகள் வர வேண்டும்.

இருந்ததிலேயே பெரிய சறுக்கு அப்புசாமியுடையது. கீழே பனியன் கம்பெனி, மேலே குடித்தனம். அவருடைய கேட்டுக்கு நேர் எதிரே ஒரு குறுக்கு வீதி வந்து முட்டுகிறது. தெருக்குத்து என்றார் வாஸ்து பார்க்க வந்தவர். வருகிற குத்து வாசலுக்குக் கீழேயே நின்றுவிடும்படி வீட்டைத் தூக்கிக் கட்டச் சொன்னார். பொங்கலூரில் தோட்டம் விற்று வந்த மனுஷன், சொன்னதற்கு மேலேயே தூக்கிக் கட்டினார். அவர் வாசல் சறுக்கில் கோயில் யானையே ஏறிப் போகலாம். பாதி வீதியை அதுவே விழுங்கிவிட்டது. தினமும் காலையில் ஓஸ் பிடித்துக் கழுவிவிடுவார்கள், அதில் பாசி படர்ந்து கிடந்தது.

செல்லாத்தாள் விழுந்தது அந்தப் பாசியில்தான். வீதிக் கோடியில் நூர்ஜான் வீட்டு முன்புறத்தில் நாலைந்து பெண்கள் கூடி, தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டுவார்கள். வேலை பாதி, வாய் பாதி. செல்லாத்தாளுக்கு அந்தக் கூட்டம்தான் உலகம். அங்கே போகும்போது பின்னால் ஒரு வேன் ஹாரன் அடிக்க, ஒதுங்குகிறேன் என்று சறுக்கில் கால் வைத்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த ஷமீமா என்ற பெண் கறாரான ஆள். “அம்மா, கட்டில்ல இருந்து அடுப்பு வரைக்கும் நடக்கறதெல்லாம் நடையே இல்லீங்க. தெனமும் வெளிய போகோணும். ஒக்காந்துட்டீங்கன்னா தொடைச் சதை கரைஞ்சு போயிரும். அப்பறம் கக்கூசுக்குப் போகக்கூட ஒரு ஆளு தூக்கோணும்” என்றாள்.

“எங்கிட்டு நடக்கச் சொல்ற?” என்றான் ராக்கையா. “எங்க வீதியில நாய்கூட நேரா நடக்க முடியாது.”

“நூர்ஜான் ஊடு வரைக்கும் போயிட்டு வந்தாப் போதுமுங்களா?” என்று கேட்டாள் செல்லாத்தாள்.

“தாராளமாப் போதுங்க. போறதுக்கு ஒரு எடம் இருந்தாத்தான் காலு நடக்கும்” என்றாள் ஷமீமா.

ராக்கையா அதைப் பிடித்துக்கொண்டான். நூர்ஜான் வீடு வரைக்கும் அவள் தினமும் போய் வந்துவிட்டால் கால் பிழைக்கும், போகாவிட்டால் படுக்கைதான். மூட்டையைத் தூக்கு என்று மேஸ்திரி சொன்னால் தூக்குவானே, அதே மாதிரி மறுநாளே கிளம்பிவிட்டான். வாக்கர் சறுக்கில் நிற்கவில்லை, இரண்டு கால் தரையிலும் இரண்டு கால் அந்தரத்திலும் ஆடியது. சரி, நடுவீதியிலேயே போவோம் என்று அவளைப் பின்னால் விட்டு, சாமி ஊர்வலத்துக்கு வழி விலக்குகிறவனைப்போல இவன் முன்னால் நடந்தான்.

முதல் நாள் வழியில் நின்ற ஸ்கூட்டரை உதைத்துச் சாக்கடையில் தள்ளினான். அடுத்த நாள் ஹாரன் அடித்த வேன்காரனைக் கதவு வழியாக வெளியே இழுத்து, வாயிலேயே குத்தினான். பல் ஒன்று இவன் விரல் முட்டியில் கீறிவிட்டுப் போயிற்று. அப்புறம் அப்புசாமியின் மருமகன் யுவன். பைக்கில் குறுக்கே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்த பையனை ஓங்கி ஓர் அறை விட்டதில், போன் ஒரு பக்கமும் பையன் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். வீதிக்குள் நுழைந்ததும், யார் புகார் கொடுத்தது என்று கேட்டு இன்னொருவனை அடித்தான்.

அவன் அடித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் செல்லாத்தாள் வெயிலில் வாக்கரைப் பிடித்தபடி நிற்பாள். உட்கார ஒரு கல் கிடையாது. புதுக் கம்பி வைத்த கால் வெடவெடவென்று ஆடும். சண்டை முடிந்து இவன் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பும்போது, “போதுமுங்க, ஊட்டுக்குப் போயிரலாம்” என்பாள். நூர்ஜான் வீடு வரைக்கும் அவர்கள் ஒரு நாளும் போய்ச் சேரவில்லை. கொஞ்ச நாளில், “கால் வலிக்குதுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று ஆரம்பித்தாள். நாளைக்கு என்பது மாதக்கணக்கில் போயிற்று.

அந்தி சாய்ந்தால் ராக்கையா நல்லெண்ணெயைச் சூடு பண்ணி அவள் காலில் தேய்த்துவிடுவான். தேய்க்கிற கைக்குத் தெரிந்தது. தொடைச் சதை தளர்ந்து, தொளதொளவென்று எலும்பிலிருந்து விலகி வந்தது. முதலில் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து எழுந்தாள். ஒரு நாள் காலை கக்கூசுக்குள்ளிருந்து, “ஏனுங்க, எந்திரிக்க முடியலீங்க” என்று குரல் வந்தது. உள்ளே போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அவன் தூக்கிய சுமைகளிலேயே இத்தனை லேசாக எதுவும் இருந்ததில்லை. அவளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, வெளியே வந்து பம்பு ரூம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் வழக்கம்போலக் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சறுக்குதான் என்று முடிவு கட்டினான்.

ஆனால் அன்றைக்கு அவன் அடிக்கப் போகவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு அப்புசாமியிடம் கேட்கப் போனான். வாழ்க்கையில் அவன் ஒருவரிடம் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

“மொதலாளி, உங்க சறுக்க ரெண்டடி உள்ள தள்ளிக்கங்க. மேல பாசி இல்லாம சொரசொரன்னு பூசிவிடுங்க. என் பொண்டாட்டி நடந்து போகணும்” என்றான்.

அப்புசாமி நல்ல மனுஷன்தான். உட்காரச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார். “நாயம்தானுங்க நீங்க சொல்றது. ஆனா எங்கூட்டுக்குத் தெருக்குத்துங்க. உள்ள இழுத்தா சறுக்கு செங்குத்தா நின்னுக்கும், குத்து நேரா ஊட்டுக்குள்ள வந்துரும்னு வாஸ்துக்காரர் சொல்லிப்போட்டாருங்க. பையனுக்கு இன்னும் கல்யாணம் காச்சி ஆகலீங்க. இத மட்டும் கேக்காதீங்க” என்றார்.

மாடிப்படியில் நின்ற மகன் சுரேந்தர் அதோடு விட்டிருக்கலாம். “ஏனுங்க பெரியவரே, வயசானவங்க ஊட்டுக்குள்ளயே நடந்தாப் பத்தாதுங்களா? இந்தக் காலோட வீதியில என்ன வேலைங்க அவங்களுக்கு?” என்றான். ராக்கையா மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தான். அவன் பேசாமல் போனதைப் பார்த்து அந்த வீட்டில் யாராவது பயந்திருக்க வேண்டும். ஒருவரும் பயப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பெனி லீவு, வீதியெங்கும் கறிக்குழம்பு மணம். ராக்கையா கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து சம்மட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முதல் அடியில் சில்லுகள் தெறித்தன. இரண்டாவது அடியில் சிமெண்டு பிளந்தது. மேலே மாடியிலிருந்து அப்புசாமியின் மனைவி தெய்வாத்தாள் கூப்பாடு போட்டதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு அடிக்கும், “இந்தா நட, இந்தா நட” என்று பல்லைக் கடித்துச் சொல்லிக்கொண்டே போட்டான். விளிம்பு முழுக்க உடைந்து சாக்கடையில் விழுந்தது.

சுரேந்தர் துணி சுற்றும் இரும்புக் குழாயோடு இறங்கி வந்தான். பின்னாலேயே யுவன். “பெரியவரே, மரியாதையாச் சொல்றனுங்க. சம்மட்டியக் கீழ போடுங்க. இல்லாட்டிப் போனா கைய ஒடைச்சுப் போடுவனுங்க” என்றான் சுரேந்தர்.

“வாங்கடா” என்றான் ராக்கையா. அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சம்மட்டிக் காம்பைச் சுரேந்தரின் வயிற்றில் குத்தினான். பையன் மடிந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான். யுவனின் கழுத்தைப் பிடித்து, உடைந்த சிமெண்டில் முகத்தைத் தேய்த்துச் சாக்கடைக்குள் எறிந்தான். யுவன் கறுப்புச் சேறோடு எழும்பி வந்து, பின்னாலிருந்து அவன் கால்களைக் கட்டிக்கொண்டான். அந்தக் கணத்தில் சுரேந்தரின் குழாய் ராக்கையாவின் வலது முழங்காலில் இறங்கியது. கொட்டாங்கச்சி உடைகிற சத்தம் கேட்டது. கால் இருந்த இடத்தில் கால் இல்லை. அடுத்த அடி தோளில், அடுத்தது நெற்றியில். ரத்தம் கண்ணை மறைத்தது. அப்படியே சரிந்து, தான் உடைத்த சறுக்கின் மேலேயே உட்கார்ந்தான். “அடிடா, இன்னும் அடி” என்று சிரித்தான். சுரேந்தர் குழாயைப் போட்டுவிட்டுச் சம்மட்டியைத் தூக்கினான். அப்புசாமி கேட்டுக்குள்ளிருந்து, “கண்ணு, வேண்டாம், கண்ணு” என்று கத்தினார். பையனுக்கு எதுவும் கேட்கிற நிலைமை இல்லை.

அப்போது கேட்டு கேட்டாக நின்று வேடிக்கை பார்த்த கூட்டம் தலையைத் திருப்பியது. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். ராக்கையா புறங்கையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்.

செல்லாத்தாள் வந்துகொண்டிருந்தாள். கையில் வாக்கர் இல்லை. ஒரு கேட்டுக் கம்பியைப் பிடித்து, அதிலிருந்து ஒரு பைக் சீட்டுக்குக் கை மாற்றி, அங்கிருந்து சுவரைத் தடவி வந்தாள். சறுக்கின் மேல் ஏறுகிற கால் நடுங்கியது, இறங்குகிற கால் மடங்கப் பார்த்தது. மயிலாத்தாள் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள், செல்லாத்தாள் அதைப் பிடித்து ஒரு பள்ளம் தாண்டினாள். ‘வராதே, விழுந்துருவ’ என்று கத்த நினைத்தான் ராக்கையா. வாயைத் திறந்தால் நெற்றி ரத்தம்தான் உள்ளே இறங்கியது. அவனுக்கு அத்தனை பயம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

வந்து சேர்ந்தவளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சம்மட்டியோடு நின்ற சுரேந்தர்தான் பக்கத்தில் இருந்தான். “கண்ணு, சித்த தோளக் குடு சாமி, விழுந்துருவேன்” என்று சொல்லி அவன் தோளைப் பற்றினாள். முழு உடம்பையும் அவன் மேலேயே சாய்த்துவிட்டாள். பையன் என்ன செய்வான்? சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

உட்கார்ந்திருந்த ராக்கையாவின் கன்னம் அவள் கைக்கு எட்டியது. ஓங்கி அறைந்தாள். மண்வெட்டிக் காம்பும் இரும்புக் குழாயும் வாங்கிய முகம்தான், ஆனால் இந்த அடியில் அவன் தலை தொங்கிவிட்டது.

“எனக்குக் கால் வலியே இல்லீங்க” என்றாள். மூச்சு வாங்கியது. “பொய் சொன்னேன். உங்ககூட வெளிய வந்தா தெனமும் ஆராச்சும் ஒருத்தரோட ரத்தத்தப் பாக்கோணும். எங்கண்ணன் காதுல பாத்தது எனக்குப் பத்தாதுங்களா? அந்தப் பயத்துலதானுங்க ஊட்டுக்குள்ள கெடந்தேன். கெடந்து கெடந்துதான் காலு போச்சு. சறுக்குல பாதி போச்சு, மீதிய நீங்க ஒடைச்சுப்போட்டீங்க.”

ராக்கையா அவள் முகத்தைப் பார்க்க முயன்றான். நெற்றி ரத்தம் மறுபடி கண்ணில் இறங்கியது.

“நூர்ஜான் ஊட்டுல கொண்டுபோய் விடு கண்ணு” என்றாள் செல்லாத்தாள், சுரேந்தரிடம். அவன் தகப்பனைப் பார்த்தான். அப்புசாமி போ என்று தலையை ஆட்டினார். ராக்கையாவின் முழங்காலை உடைத்த பையன், செங்கல்லையும் சிமெண்டுத் துண்டையும் காலால் ஒதுக்கி ஒதுக்கி, அவளைத் தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனான். அவசரப்படுத்தவில்லை. அவள் நின்றால் நின்றான், நகர்ந்தால் நகர்ந்தான்.

ராக்கையா பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை நாளும் தான் முன்னால்தான் போனோம், ஒரு நாளும் அவள் பக்கத்தில் நடக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு தோள் போதுமாக இருந்திருக்கிறது. ஈரமூட்டை சுமந்து காய்ப்பேறிய தோள், அதை அவன் அவளுக்குக் கொடுத்ததே இல்லை. அடி விழுந்த இடமெல்லாம் மரத்துக் கிடக்க, நெஞ்சு மட்டும் பிளந்துகொண்டு வலித்தது.

நூர்ஜானின் மகன் முபாஷிர் ஆட்டோ கொண்டுவந்தான். நாலு பேர் சேர்ந்து ராக்கையாவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே கால் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. “ரொம்ப வலிக்குதுங்களாய்யா?” என்று கேட்டான் முபாஷிர்.

“அவ போய்ச் சேந்துட்டாளான்னு பாரு.”

முபாஷிர் எட்டிப் பார்த்தான். “எங்கம்மா சேர் போட்டுட்டாங்க. உங்கூட்டம்மா ஒக்காந்துட்டாங்க. தண்ணி குடிக்கறாங்க.”

ராக்கையா கண்ணை மூடினான். ஆட்டோ உடைந்த சிமெண்டின் மேல் ஏறி இறங்கியபோது முனகினான். வீதி முக்கு திரும்பும்போது முன்னால் சாய்ந்து முபாஷிரின் சட்டையைப் பிடித்தான்.

“தம்பி, அவ திரும்பி வீட்டுக்கு வரணுமே. அவளுக்கு யாருடா தோள் குடுப்பா?” என்று கேட்டான்.